தங்க நிற 5, ஒரு எக் பீட்டர், கொஞ்சம் மேகம்: அமெரிக்காவின் தொடக்ககால நவீன ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவீன ஓவியம் என்றதும் நம் மனம் நேரே பாரிஸுக்குப் போய்விடுகிறது. அமெரிக்கா என்றால் 1950க்குத் தாவி, தரையில் கேன்வாஸை விரித்துச் சாயத்தைச் சொட்டவிட்ட ஜாக்சன் பொல்லாக்கிடம் போய் நிற்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு முப்பத்தைந்து வருடக் கதை இருக்கிறது. அதைப் பற்றி நண்பர்களும் ஓவியம் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

எந்தக் காலம்? யார் யார்?

ஏறக்குறைய 1905இலிருந்து 1940 வரை. பெயர்களைச் சொல்வதென்றால் ஜார்ஜியா ஓ'கீஃப், ஆர்தர் டவ், மார்ஸ்டன் ஹார்ட்லி, ஜான் மாரின், சார்ல்ஸ் டெமுத், சார்ல்ஸ் ஷீலர், ஸ்டூவர்ட் டேவிஸ், ஜோசப் ஸ்டெல்லா. புகைப்படத்தில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், பால் ஸ்ட்ராண்ட். பட்டியல் இன்னும் நீளும்.

இவர்கள் ஒரு கட்சி மாதிரி அறிக்கை விட்டு இயங்கியவர்கள் இல்லை. பாணியும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாது. மாரினின் துள்ளும் நீர்வண்ணத்தையும் ஷீலரின் அசையாத தொழிற்சாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே ஊரில் ஒரே வருடத்தில் வரைந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் எல்லோரும் ஒரே விஷயத்தில்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்: ஐரோப்பாவில் கற்றதை வைத்துக்கொண்டு கண் முன்னால் இருக்கும் அமெரிக்காவை எப்படி வரைவது?

அதற்கு முன்னால் அங்கே என்ன வரைந்தார்கள்?

பெரும்பாலும் அகாதமி பாணியில் உருவப்படங்கள், அழகான நிலக்காட்சிகள், வெயிலில் குடை பிடித்த சீமாட்டிகள். 1908இல் ராபர்ட் ஹென்ரியும் அவருடைய கூட்டாளிகளும், மொத்தம் எட்டுப் பேர், நியூயார்க்கில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அவர்களில் சிலர் சந்து, சாராயக்கடை, துணி காயும் மொட்டைமாடி என்று நகரத்தை உள்ளபடி வரைந்தவர்கள். வரைந்த பொருள் புதிது, வரைந்த விதம் பழையது. அடுத்து வந்தவர்கள்தான் விதத்தையே மாற்றினார்கள்.

291 என்ற எண் எங்கே படித்தாலும் வருகிறதே, அது என்ன?

வீட்டு எண்தான். நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் 291ஆம் எண் கட்டடத்தில் ஸ்டீக்லிட்ஸ் 1905 நவம்பரில் ஒரு சின்னக் காட்சிக்கூடம் திறந்தார். 1908இல் வாடகைப் பிரச்சினை வந்து, நடைக்கு எதிர்ப்பக்கம் 293ஆம் எண்ணுக்கு மாறினார்கள். பெயர் மட்டும் 291 என்றே நின்றுவிட்டது.

முதலில் புகைப்படங்கள்தான் மாட்டினார். புகைப்படமும் ஓவியத்துக்குச் சமமான கலை என்று நிரூபிப்பது அவருடைய வாழ்நாள் சண்டை. அப்புறம் 1908இல் பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் கோட்டோவியங்கள், அதே வருடம் மத்தீஸ், 1911இல் பிக்காசோ. மத்தீஸும் பிக்காசோவும் அமெரிக்காவில் முதன்முதலாகத் தனிக் கண்காட்சி கண்டது இந்தச் சின்ன அறைகளில்தான். சுவரில் மாட்டிவிட்டு ஸ்டீக்லிட்ஸ் சும்மா இருக்க மாட்டார். வருகிறவர்களைப் பிடித்துவைத்து மணிக்கணக்கில் பேசுவார். முதல் உலகப் போரின் நெருக்கடியில் 1917இல் 291 மூடப்பட்டது. அந்த இடத்தின் கடைசிக் கண்காட்சி ஓ'கீஃபினுடையது.

1913 ஆர்மரி ஷோவில் அப்படி என்ன கலவரம்?

நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் 69ஆவது படைப்பிரிவின் ஆயுதக்கிடங்கு ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் ஆர்மரி. ராணுவப் பயிற்சிக்கான பெரிய கூடம். அதை வாடகைக்கு எடுத்து, சாக்குத்துணி போர்த்திய தட்டிகளால் அறை அறையாகத் தடுத்து, பிப்ரவரி 17 முதல் ஒரு மாதம் ஏறக்குறைய 1,300 படைப்புகளை வைத்தார்கள். நடத்தியது ஓவியர்களே அமைத்த ஒரு சங்கம். ஆர்தர் டேவிஸ், வால்ட் கூன், வால்டர் பாக் ஆகிய மூவர் முன்னின்று அலைந்தார்கள்.

படைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கர்களுடையவை. ஆனால் பேச்செல்லாம் ஐரோப்பியர்களைப் பற்றித்தான், அதிலும் மார்செல் டுஷாம்பின் ஒரே ஒரு படத்தைப் பற்றி. படிக்கட்டில் இறங்கும் ஒரு நிர்வாண உருவம், மரப்பட்டைகளை அடுக்கிவைத்த மாதிரி. கூரை வேயும் மரச்சில்லு செய்கிற தொழிற்சாலை வெடித்துச் சிதறியதைப் போல இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுத, அந்தக் கிண்டல் ஊரெல்லாம் பரவியது. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வந்து பார்த்து ஒரு கட்டுரையே எழுதினார். தன் குளியலறையில் கிடக்கும், நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினர் நெய்த கம்பளம் இதைவிட மேல் என்பது அவர் தீர்ப்பு. அவர் கேலியாகச் சொன்னார். எனக்கென்னவோ அது தெரியாமல் சொன்ன நல்ல விமர்சனம் என்றே படுகிறது. நவாஹோ நெசவாளர்கள் எந்த அகாதமியும் இல்லாமலே வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் வைத்து யோசித்தவர்கள்தானே.

கண்காட்சி சிகாகோ போனபோது ஓவிய மாணவர்கள் மத்தீஸுக்கு ஒரு போலி விசாரணை நடத்தி, அவருடைய படங்களின் நகல்களைக் கொளுத்தினார்கள். இவ்வளவு ரகளைக்கும் நடுவில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் சத்தமில்லாமல் பிரெஞ்சு ஓவியர் செசானின் படம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனது. எட்வர்ட் ஹாப்பர் என்ற முப்பது வயது ஓவியர் தன் முதல் படத்தை 250 டாலருக்கு விற்றார். இருபது வயதுப் பையன் ஒருவனின் ஐந்து நீர்வண்ணப் படங்களும் அங்கே தொங்கின. அவன் பெயர் ஸ்டூவர்ட் டேவிஸ். அவன் பின்னால் மறுபடி வருவான்.

சரி, ஐரோப்பாவைப் பார்த்து காப்பி அடித்ததுதானே இதெல்லாம்?

தொடக்கத்தில் கொஞ்சம், ஆமாம். டவ், மாரின், டெமுத் எல்லோரும் பாரிஸ் போய் வந்தவர்கள். ஸ்டெல்லா இத்தாலியில் பிறந்தவர். ஆனால் கற்ற மொழியில் என்ன பேசினார்கள் என்று பாருங்கள். ஸ்டெல்லா ப்ரூக்ளின் பாலத்தை வரைந்தபோது வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய இத்தாலிய எதிர்காலவாதிகளின் கோடுகள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த இரும்புக் கம்பிகள் ஒரு தேவாலயத்தின் ஜன்னல்போல ஒளிர்வது, இரவில் அந்தப் பாலத்தில் தனியாக நின்ற ஒரு குடியேறியின் பயமும் பக்தியும். அது பாரிஸில் கிடைக்காது.

ஒரு படத்தை எடுத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டுங்களேன்.

டெமுத் 1928இல் வரைந்த, தங்க நிறத்தில் 5 என்ற எண்ணைக் கண்டதாகத் தலைப்பிட்ட படத்தை எடுத்துக்கொள்வோம். இப்போது மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 90 சென்டிமீட்டர்தான், ஒரு ஜன்னல் அளவு.

கதை இது. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் கவிஞர், தொழிலால் மருத்துவர். ஒரு கோடை நாளில் நியூயார்க்கில் தன் நண்பர் ஹார்ட்லியின் ஸ்டூடியோவுக்கு நடந்து போகிறார். தீயணைப்பு வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு கடந்து ஓடுகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் கண்ணில் பட்டது சிவப்பின் மேல் ஒரு தங்க 5. அந்த நொடியை ஒரு சின்னக் கவிதையாக எழுதினார். சில வருடம் கழித்து, அந்தக் கவிதையை வைத்து நண்பர் டெமுத் வரைந்த "உருவப்படம்" இது. வில்லியம்ஸின் முகம் இதில் எங்கும் இல்லை.

படத்தில் மூன்று 5கள் இருக்கின்றன. பெரியது முன்னால், அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. வண்டி உங்களை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று தீர்மானிக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. சுற்றிலும் சாம்பல் நிறக் கோடுகள் சாய்ந்து வெட்டுகின்றன. மழையா, தெருவிளக்கின் ஒளியா, கட்டடத்தின் மூலையா என்று சொல்ல முடியாது. மேலே 'பில்' என்ற செல்லப்பெயர். இன்னொரு பக்கம் கடை விளக்குப் பலகை மாதிரி 'கார்லோ' என்று ஓர் எழுத்து குறைந்த பெயர். கீழே இரண்டு நண்பர்களின் முதலெழுத்துகள். அந்த 5இல் தங்க ரேக்கும் ஒட்டியிருக்கிறார். சாமி படங்களுக்குக் காட்டுகிற மரியாதையை ஒரு தீயணைப்பு வண்டி எண்ணுக்குக் காட்டியிருக்கிறார் டெமுத்.

முகமே இல்லாமல் ஒருவரின் உருவப்படம் வரையலாம் என்பதைப் பிறகு பலர் எடுத்துக்கொண்டார்கள். 1963இல் ராபர்ட் இண்டியானா இதே 5ஐ வைத்து ஒரு படம் செய்தார். விளம்பரத்தையும் கடைச் சரக்கையும் ஓவியமாக்கிய பாப் ஆர்ட்டுக்கு இது ஒரு பாட்டன் முறை.

ஹார்ட்லி ஜெர்மன் ராணுவப் பதக்கங்களாக வரைந்து தள்ளியிருக்கிறாரே, அவர் போரை ஆதரித்தாரா?

இல்லை, அது ஒப்பாரி. 1913இலிருந்து ஹார்ட்லி பெர்லினில் இருந்தார். அணிவகுப்பு, சீருடை, இசைக்குழு, கொடி எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது என்பது உண்மைதான். அங்கே கார்ல் ஃபான் ஃபிரைபர்க் என்ற இளம் அதிகாரி மேல் ஆழமான அன்பு வைத்திருந்தார். போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 அக்டோபர் 7 அன்று, ஃபிரைபர்க் கொல்லப்பட்டார். வயது 24.

அதன் பிறகு வரைந்த படம்தான் அந்தப் புகழ்பெற்ற ஜெர்மன் அதிகாரியின் உருவப்படம். ஆள் உயரம், கரிய பின்னணி. கொடி, இரும்புச் சிலுவை, பதக்கநாடா எல்லாம் ஒரு உடம்பின் வடிவத்தில் குவிந்து கிடக்கின்றன. உடம்பு மட்டும் இல்லை. மூலையில் பெயரின் முதலெழுத்துகள். 24 என்று ஒரு எண், வயது. 4 என்று இன்னொன்று, படைப்பிரிவு. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், அவர் விரும்பி ஆடிய சதுரங்கம். இறந்தவரின் துணிமணியை எடுத்து அடுக்கிவைத்துப் பார்க்கிற வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

1916இல் நியூயார்க்கில் இவற்றைக் காட்டியபோது இதில் மறைபொருள் எதுவும் இல்லை, வெறும் வடிவங்கள்தான் என்று ஹார்ட்லி எழுதிக் கொடுத்தார். ஜெர்மனி மேல் வெறுப்பு ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆண் ஆணை நேசித்ததைச் சொல்லவும் முடியாத காலம். அரூபம், அதாவது அடையாளம் தெரியும் உருவம் இல்லாத ஓவியம், என்பது சில சமயம் பாணி இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு இடம். இந்த ஒரு காரணத்துக்காகவே இன்றைய இளைஞர்கள் பலர் ஹார்ட்லியிடம் முதலில் வருகிறார்கள்.

ஓ'கீஃபின் பூக்கள் எல்லாம் பெண்ணுடலைத்தான் குறிக்கின்றனவா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். கேட்டால் ஓ'கீஃபுக்குக் கோபம் வரும். உயிரோடு இருந்த 98 வயது வரை இல்லை என்றே சொன்னார். உங்கள் மனதில் பூவைப் பற்றி இருக்கிறதையெல்லாம் என் பூவின் மேல் மாட்டிவிட்டு, நான் அப்படிப் பார்த்ததாக எழுதுகிறீர்கள் என்பது அவர் வாதம்.

இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். 1915இல் தென் கரோலினாவில் ஓவிய ஆசிரியையாக இருந்தபோது கரித்துண்டால் சில அரூப ஓவியங்கள் வரைந்து நியூயார்க்கில் இருந்த தோழிக்குத் தபாலில் அனுப்பினார். தோழி 1916 புத்தாண்டு அன்று அவற்றை ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட, சில மாதங்களில் அவர் ஓ'கீஃபிடம் கேட்காமலே சுவரில் மாட்டிவிட்டார். ஓ'கீஃப் நேரில் போய்ச் சண்டை போட்டார். பிறகு இருவரும் நெருங்கி, 1924இல் திருமணம். நடுவில் 1921இல் ஸ்டீக்லிட்ஸ் தான் எடுத்த ஓ'கீஃபின் படங்களைக் கண்காட்சியில் வைத்தார், நிர்வாணப் படங்கள் உட்பட. அதைப் பார்த்த விமர்சகர்கள் அதற்கப்புறம் அவர் எதை வரைந்தாலும் அந்த உடம்பையே தேடினார்கள். ஸ்டீக்லிட்ஸும் அந்தப் பேச்சைத் தடுக்கவில்லை, அவருக்கு அது விளம்பரம்.

ஒரு ஆண் பூவை வரைந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். டெமுத்தும் பூக்கள் வரைந்தார், நிறைய.

என் கருத்து: பூவைவிட அளவுதான் முக்கியம். ஒரு ஊமத்தம்பூவை நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கினால் ஓடிக்கொண்டே பார்க்க முடியாது. அவசரத்தில் இருக்கும் நியூயார்க்காரர்களையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பெரிதாக வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். கேமராவின் குளோசப் அவருக்குப் பழகிய பொருள், சுற்றிலும் புகைப்படக்காரர்கள். அந்த ஃபிரேமிங்கைக் கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார்.

தொழிற்சாலை, தானியக் கிடங்கு... இதிலெல்லாம் என்ன அழகு?

டெமுத்தின் சொந்த ஊர் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர். அங்கே ஒரு தீவனக் கம்பெனியின் கான்கிரீட் தானியக் கிடங்கை 1927இல் வரைந்து 'என் எகிப்து' என்று பெயர் வைத்தார். எகிப்து மன்னன் துட்டன்காமுனின் கல்லறை திறந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. உலகமே எகிப்துப் பைத்தியமாக இருந்த நேரம். எங்களுக்கும் பிரமிடு உண்டு, அது ஊர்க்கோடியில் தவிடு வைக்கிற இடம் என்கிறார். பாதி கிண்டல், பாதி நிஜம். அவர் அப்போது கடும் சர்க்கரை நோயாளி, இன்சுலின் எடுத்துக்கொண்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். பிரமிடு என்றால் கல்லறை என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஷீலர் கதை வேறு. 1927இல் ஃபோர்டு கம்பெனியின் ரிவர் ரூஜ் ஆலையைப் படம் பிடிக்க விளம்பரத்துக்காக அமர்த்தப்பட்டார். அந்தப் புகைப்படங்களிலிருந்தே பின்னால் ஓவியங்களும் வந்தன. 1930இல் வரைந்த 'அமெரிக்க நிலக்காட்சி'யில் புகைபோக்கி, கால்வாய், சரக்கு ரயில், சுத்தமான வானம் எல்லாம் இருக்கின்றன. மனிதர் என்று தேடினால் தண்டவாளத்தின் மேல் எறும்பு மாதிரி ஒரே ஒருவர். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்த ஆலை அது. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிவிட்ட வருடம் வேறு.

இரண்டு மூன்று வருடம் கழித்து அதே ஆலையை மெக்சிகோவின் தியேகோ ரிவேரா வந்து பார்த்தார். டெட்ராய்ட் கலைக்கூடத்தின் சுவர்களில் அவர் வரைந்ததில் ஆலையைவிட ஆட்கள்தான் அதிகம்: வளைந்து, இழுத்து, தள்ளி, வியர்த்து. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஷீலரின் படம் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த அமைதி யாருடைய செலவில் வந்தது என்ற கேள்வி போகாது.

ஸ்டூவர்ட் டேவிஸ் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

ஆமாம். 1921இல் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் பொட்டலத்தைப் பிரித்து மேய்ந்து ஒரு ஓவியமாக்கினார். பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பாக்களுக்கு நாற்பது வருடம் முன்னால். 1927இல் ஒரு மேஜையின் மேல் எக் பீட்டர் (முட்டை அடிக்கிற கருவி), மின்விசிறி, ரப்பர் கையுறை மூன்றையும் ஆணியடித்து நிறுத்தி, ஏறக்குறைய ஒரு வருடம் அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். கடைசியில் எக் பீட்டர் காணாமல் போய், அவற்றுக்கு நடுவே இருந்த வெளி மட்டும் மிஞ்சியது. ஜாஸ் பிரியர், படத்தைப் பார்த்தாலே கேட்கும்.

முதல் அரூப ஓவியம் அமெரிக்காவில் வரையப்பட்டதா?

சிலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆர்தர் டவ் 1910 வாக்கிலேயே சின்னச் சின்ன அரூப ஓவியங்கள் வரைந்தார். 'முதல்' பந்தயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. டவ்வை வேறு காரணத்துக்காகப் பார்க்கவேண்டும்.

அவர் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து சம்பாதித்தவர். அதை விட்டுவிட்டுக் கோழி வளர்த்தார், பிறகு தன் துணைவியும் ஓவியருமான ஹெலன் டாருடன் வருடக்கணக்கில் ஒரு பாய்மரப் படகில் குடியிருந்தார். நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில் வரைந்த படங்கள் அவை. 1929இல் மூடுபனியில் கேட்கும் படகுச் சங்கின் ஒலியை வரைந்தார்: நடுவில் இருண்டு, வெளியே போகப் போக வெளிறும் வட்டங்கள். பனிக்குள் ஒலி கரைவது அப்படித்தான்.

1925இல் செய்த இன்னொன்று மீன்பிடித்தல் பற்றியது. அதில் பெயிண்டைவிடப் பொருள்கள்தான் அதிகம்: பிளந்த மூங்கில், நீலச் சட்டையின் கைப்பகுதி, பொத்தான், மரத்துண்டு. தூண்டில்காரன் போய்விட்டான், அவன் சட்டையும் கழியும் இங்கே கிடக்கின்றன என்ற மாதிரி. வாஷிங்டனில் பிலிப்ஸ் கலெக்ஷனில் இருக்கிறது. அதை நிறுவிய டங்கன் பிலிப்ஸ் டவ்வுக்கு மாதம் 50 டாலர் அனுப்பி வந்தார், படங்களுக்குப் பதிலாக. அந்த 50 டாலர் இல்லாவிட்டால் டவ்வின் பிற்காலப் படங்கள் பாதி இருந்திருக்காது.

கறுப்பின ஓவியர்கள் எங்கே? இது வெள்ளையர் கதையாகவே இருக்கிறதே?

நியாயமான புகார். 1914இல் ஸ்டீக்லிட்ஸ் ஆப்பிரிக்கச் சிற்பங்களைக் கலையாகவே காட்சிக்கு வைத்தார். அந்த நாளில் அது பெரிய விஷயம். ஆனால் கண்காட்சியின் தலைப்பைப் பாருங்கள்: 'ஆப்பிரிக்கக் காட்டுமிராண்டிகளின் மரச்சிற்பங்கள்: நவீனக் கலையின் வேர்'. வேர் என்று ஒப்புக்கொள்கிற அதே மூச்சில் காட்டுமிராண்டி. 291ஐச் சுற்றிய வட்டம், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமிலிருந்து சில மைல் தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தை அவர்கள் கடக்கவில்லை.

ஹார்லெமில் ஆரன் டக்ளஸ் இருந்தார். 1934இல் 135ஆவது தெரு நூலகத்துக்காக நான்கு பெரிய சுவரோவியங்கள் வரைந்தார்: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைத்தனம், விடுதலை, வடக்கு நகரம் வரை. நிழலுருவங்கள், அவற்றைத் தாண்டிப் பரவும் ஒளி வட்டங்கள். பொருளைக் கோணக் கட்டங்களாக உடைத்துக் காட்டும் க்யூபிசமும் எகிப்தியச் சுவரோவியமும் ஜாஸும் அங்கே ஒன்றாகக் கலந்தன. அடுத்து, கொஞ்சம் பின்னால் வந்தாலும், ஜேக்கப் லாரன்ஸ். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்ததை 60 பலகைகளில் 1941இல் வரைந்து முடித்தார், வயது 23. அறுபதையும் பரப்பிவைத்து, ஒரு நிறத்தை எடுத்தால் எல்லாவற்றிலும் அதைப் பூசி முடித்துவிட்டுத்தான் அடுத்த நிறம். அதனால்தான் அறுபதும் ஒரே மூச்சில் பேசுவதுபோல் இருக்கின்றன. ஒற்றைப்படை எண்கள் பிலிப்ஸ் கலெக்ஷனிடமும் இரட்டைப்படை எண்கள் நியூயார்க் நவீன கலை மியூசியத்திடமும் போய்ச் சேர்ந்தன. மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்தில் நிற்கும் அந்தக் கூட்டத்தைப் பார்க்க அமெரிக்க வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தமிழர் யாராவது இந்தக் கதையில் உண்டா?

உண்டு, கதவைத் திறந்துவிட்டவராக. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன். சிவ நடனத்தைப் பற்றி உலகுக்கு எழுதியவர் என்று நமக்குத் தெரியும். 1917இலிருந்து பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அவரே நல்ல புகைப்படக்காரரும்கூட. ஸ்டீக்லிட்ஸின் படங்களை மியூசியம் சேர்க்க வேண்டும் என்று முயன்றார். 1924இல் ஸ்டீக்லிட்ஸ் 27 படங்களைப் பாஸ்டனுக்குக் கொடுத்தார். ஒரு பெரிய அமெரிக்க மியூசியம் புகைப்படத்தைக் கலையாக ஏற்றுக்கொண்ட தொடக்க நிகழ்வுகளில் அது ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், கலைஞன் தன் 'நான்' என்பதை வெளிப்படுத்துவதே கலை என்ற நவீனக் கொள்கையைக் குமாரசாமி கடுமையாக எதிர்த்தவர். ஸ்டீக்லிட்ஸோ அந்த 'நான்' ததும்பி வழிந்த மனிதர்.

"என் பிள்ளைகூட இதை வரைவான்" என்கிறார் என் மாமா. என்ன பதில் சொல்ல?

வரையட்டும். 1912இல் ஸ்டீக்லிட்ஸ் 291இல் குழந்தைகளின் ஓவியங்களுக்கே ஒரு கண்காட்சி வைத்தார். மாமா நூறு வருடத்துக்கு மேல் தாமதம்.

இன்றைக்கு இதனால் எனக்கு என்ன?

ஏஐ ஒரு நொடியில் படம் செய்து தருகிறதே, அது கலையா என்று இன்று சண்டை போடுகிறோம். பொத்தானை அமுக்கினால் வருவது கலையா என்று ஸ்டீக்லிட்ஸ் காலத்தில் சண்டை. ஆரம்பத்தில் அவருடைய கூட்டம் புகைப்படத்தை மங்கலாக்கி, ஓவியம் மாதிரி காட்டியது. பெரியவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு பெரியவனாகக் காட்டிக்கொள்வது மாதிரி. 1915 வாக்கில் பால் ஸ்ட்ராண்ட் வந்து கேமரா கேமராவாகவே பார்க்கட்டும் என்று கூர்மையாக எடுத்துக் காட்டினார். புதிய கருவி பழையதைப் போல நடிப்பதை நிறுத்திய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ராண்ட் தெருவில் போய் நின்றார், வெயிலுக்காகக் காத்திருந்தார். அந்த நிற்றல் ஏஐயில் எங்கே இருக்கிறது என்பது இன்னும் தீராத கேள்வி.

இன்னொன்று, மேகங்கள். ஸ்டீக்லிட்ஸின் படங்கள் நன்றாக வருவதற்குக் காரணம், எதிரே உட்காருகிறவர்களை அவர் மயக்கி வைத்திருப்பதுதான் என்று ஒருவர் எழுதிவிட்டார். ரோஷம் வந்தது. 1922இலிருந்து கேமராவை வானத்துக்குத் திருப்பினார். மேகத்தை மயக்க முடியாது, எல்லோருக்கும் பொது, அதற்கு இன்னும் யாரும் வரி போடவில்லை என்றார். உள்ளங்கை அளவுள்ள அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் அடிவானம் இருக்காது, மரம் இருக்காது, எது மேல் எது கீழ் என்றுகூடத் தெரியாது. நம் ஒவ்வொருவர் போனிலும் மேகப் படம் பத்தாவது இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து, அடிவானத்தை வெட்டிவிட்டு, நிறத்தை நீக்கிப் பாருங்கள். அவர் என்ன செய்தார் என்பது எந்தக் கட்டுரையையும்விட வேகமாகப் புரியும்.

விலை என்ன போகிறது?

ஓ'கீஃப் 1932இல் வரைந்த வெள்ளை ஊமத்தம்பூ 2014 ஏலத்தில் 4.44 கோடி டாலருக்குப் போனது. ஒரு பெண் ஓவியரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த அதிகபட்ச விலை. டவ்வின் மாதம் 50 டாலரை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா போகாமல் எங்கே பார்ப்பது?

மெட்ரோபாலிடன் மியூசியம் 2017இலிருந்து காப்புரிமை தீர்ந்த படைப்புகளின் படங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகிறது. ஓ'கீஃப் வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்துக்குக் கொடுத்த ஸ்டீக்லிட்ஸ் புகைப்படங்கள் 1,642. அத்தனையும் இணையத்தில் உண்டு. ஷீலரும் ஸ்ட்ராண்டும் சேர்ந்து எடுத்து 1921இல் வெளிவந்த, நியூயார்க் பற்றிய குறும்படம் 'மன்ஹாட்டா'வும் கிடைக்கும், பத்து நிமிடம்தான். போனில் பார்க்காதீர்கள், முடிந்தால் பெரிய திரையில். அளவு முக்கியம் என்று ஏற்கனவே சொன்னேன்.

ஓ'கீஃப் இந்தியா வந்திருக்கிறாரா?

1959இல், எழுபதைத் தாண்டிய வயதில், உலகம் சுற்றிய பயணத்தில் வந்தார். விமான ஜன்னலிலிருந்து கீழே நெளியும் ஆறுகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பி அவற்றை வரைந்தார். ஆறுகள் முடிந்து மேகங்களுக்கு வந்தார். 1965 கோடையில் நியூ மெக்சிகோவில் தன் வீட்டு கராஜில் 24 அடி அகலக் கேன்வாஸை விரித்து, மேலிருந்து பார்த்த மேகங்களை வெள்ளைத் திட்டுகளாக அடிவானம் வரை அடுக்கினார். அப்போது வயது 77. சிகாகோவில் காட்டிவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்குள்ள மியூசியத்தின் எந்த வாசலிலும் படம் நுழையாது என்று தெரிந்தது. அதனால் அது சிகாகோவிலேயே தங்கிவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.